2009இல் இணையத்திலிருந்து சேமித்த படங்கள்: திகதி பிடிப்பது எப்பிடி?

நெய்தல்:
2008 கடைசியிலயிருந்து 2009 மே வரை, இஞ்ச கனடாவில செய்தித்தளங்களில இறக்கின வன்னிப் போர்ப் படங்கள் 600 அளவில் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கில கிடக்கு. எல்லாத்திலயும் 2014 எண்டு திகதி. சேமிச்ச பக்கங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் கிறுக்கல். எது எங்க, எப்ப எடுத்தது எண்டு பிரிக்க ஏலுமோ? தெரிஞ்சவை சொல்லுங்கோ.

பழையகொப்பி:
முதல்ல டிஸ்க்கை முழுசாக் கொப்பி எடுங்கோ. ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 ஹாஷ் (கோப்பின்ர கைரேகை மாதிரி ஒரு குறியீடு) எடுத்துப் பட்டியல் போடுங்கோ. பிறகு ஆரும் கை வைச்சால் பிடிபடும். 2014 பெரும்பாலும் டிஸ்க் மாத்தின நாள். விண்டோஸில கொப்பி பண்ணினால் ‘உருவாக்கிய’ திகதிதான் புதுசாகும், ‘மாற்றிய’ திகதி பழசாவே நிக்கும். அந்த நிரலைத் திறந்து பாருங்கோ. அதுவும் இறக்கின நாளாத்தான் இருக்கும், எடுத்த நாள் எண்டு எழுதிப்போடாதேங்கோ.

கிறுக்கல் பாமினியா இருக்கும், யூனிகோட்டுக்கு முந்தின தமிழ் எழுத்துரு. எழுத்துரு மாற்றியில போட்டால் தமிழ் வரும். யூனிகோட் தமிழில தேடினால் அந்தப் பக்கங்கள் அகப்படாது, மாத்தின பிறகு தேடுங்கோ.

மாத்தளன்வெளி:
படத்துக்குக் கீழ இருக்கிற குறிப்பை நம்பாமல் இடத்தையும் திகதியையும் மோதவிடுங்கோ. புதுமாத்தளன் பள்ளிக்கூடத்தில இயங்கின ஆஸ்பத்திரி, நிலத்தில காயக்காரர், மூலையில 05/04/2009 எண்டு வைப்பம். ஏப்ரல் 5ஆ, மே 4ஆ? ஏப்ரல் 20 இராணுவம் புதுமாத்தளனுக்குள்ள வந்திட்டுது. மே 4இல அங்க அந்த ஆஸ்பத்திரி இல்லை, அப்ப ஏப்ரல் 5 எண்டுதான் வரும். கமராவின்ர மணிக்கூடு பிழைச்சிருக்கவும் கூடும், அதால ஒரு படத்தோட முடிவெடுக்காதேங்கோ.

ஜனவரி 21 அரசாங்கம் சனத்துக்கெண்டு அறிவிச்ச பாதுகாப்பு வலயம் உடையார்கட்டு, சுதந்திரபுரம் பக்கம். பெப்ரவரி 12 அறிவிச்சது மாத்தளனில இருந்து முள்ளிவாய்க்கால் வரை, கடற்கரை. வெண்மணலும் சாரியில தைச்ச மண்மூட்டையும் தெரிஞ்சால் இரண்டாவதுக்குத்தான் வாய்ப்புக் கூட.

பழையகொப்பி:
நேரமும் முக்கியம். 2009 மார்ச் 8 வரை ரொறன்ரோவுக்கும் வன்னிக்கும் பத்தரை மணி வித்தியாசம், அதுக்குப் பிறகு ஒன்பதரை. இஞ்ச மே 12 இரவு 9 மணி எண்டால் அங்க 13 விடிய ஆறரை. 2006 ஏப்ரலுக்கு முந்தின படம் வைச்சிருக்கிற ஆக்கள் இன்னும் கவனம்: கொழும்பு நேரம் அரை மணி முன்னுக்கு நிண்டது, வன்னி மாத்தேல்ல.

பழைய பக்கங்களைச் சேமிச்சு வைக்கிற இணையக் காப்பகத்திலயும் (archive.org) ஒரு சிக்கல். மேல காட்டுற நாள் பக்கத்துக்கு மட்டும்தான். உள்ள இருக்கிற படம் வேற நாள் பிடிச்சதா இருக்கலாம்.

மாத்தளன்வெளி:
இன்னொண்டு நெய்தல், ஆருக்கும் வட்ஸ்அப்பில படமா அனுப்பாதேங்கோ. அது அளவைக் குறைச்சு, கோப்புக்குள்ள பதிஞ்சிருக்கிற திகதி மாதிரி உள்விபரத்தை அழிச்சுப்போடும், ஆவணமா அனுப்புங்கோ. முகம் தெரியிற படங்களைப் பொதுவில போடவே வேண்டாம். அதில இருக்கிற கனபேர் இன்னும் ஊரிலதான்.