மறு: ஃப்ரேமிங் – சட்டகமா, கட்டமைப்பா, திரிப்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு நிகழ்வை எந்தக் கோணத்தில் காட்டுவது என்று செய்தி தேர்ந்துகொள்வதை ஆங்கிலத்தில் 'ஃப்ரேமிங்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் எந்தச் சொல் என்பதுதான் கேள்வி. 'திரிப்பு' வேண்டாம் என்பது என் கட்சி. ஒரே பேரணியை ஒரு நாளிதழ் 'ஊதிய உயர்வு கேட்டுத் தொழிலாளர்கள் பேரணி' என்கிறது. இன்னொன்று 'பேரணியால் போக்குவரத்து முடக்கம், பயணிகள் அவதி' என்கிறது. இரண்டும் உண்மைதான். ஆனால் முதலாவதைப் படிப்பவர் ஊதியத்தைப் பற்றி யோசிப்பார், இரண்டாவதைப் படிப்பவர் தான் வீடு போய்ச் சேரும் நேரத்தைப் பற்றி. ஊடக ஆய்வாளர் ராபர்ட் எண்ட்மன் 1993இல் ஃப்ரேமிங்குக்குத் தந்த வரையறையும் நடந்தவற்றில் சிலவற்றைத் தேர்ந்து தூக்கிக் காட்டுவது என்றுதான் போகிறது. பொய் அதற்குக் கட்டாயமில்லை. 'திரிப்பு' என்றால் விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதியாகிவிடும்.

'சட்டமிடல்'? படத்துக்குச் சட்டம் போடுகிறோம், சரி. ஆனால் போராட்டச் செய்தி என்றாலே 'சட்டம் ஒழுங்கு' முன்னால் வந்து நிற்கும். 'சட்டம் ஒழுங்குச் சட்டமிடல்' என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள்! 'கட்டமைப்பு' சாலைக்கும் பாலத்துக்கும் போய்விட்டது. ஆகவே பெயருக்குச் 'சட்டகம்', வினைக்குச் 'சட்டகமிடல்'. 'சட்டகப்படுத்தல்' வாய்க்குள் அடங்கவில்லை.

அப்புறம், ஊடக ஆய்வாளர்கள் ஜோசப் சான், சின்-சுவான் லீ இருவரும் 1984இல் ஹாங்காங் செய்தித்தாள்களை ஆராய்ந்து தொடங்கிவைத்த 'புரொடெஸ்ட் பாரடைம்' என்ற கருத்து, அதாவது எந்தப் போராட்டத்தையும் ஊடகங்கள் ஒரே அச்சில் வார்த்து எழுதும் வழக்கம். இதற்குப் 'போராட்ட வாய்பாடு' என்கிறேன். யாப்பில் எந்தச் சீர் வந்தாலும் தேமா, புளிமா என்று வாய்பாட்டில் அடக்கிவிடுகிறோம் அல்லவா? செய்தியறையிலும் அப்படித்தான்: கல்வீச்சு, தடியடி, கைது எண்ணிக்கை, காவல்துறை விளக்கம், கோரிக்கை கடைசிப் பத்தியில், இடமிருந்தால். 1968 அக்டோபரில் லண்டனில் நடந்த வியட்நாம் போர் எதிர்ப்புப் பேரணி கலவரமாகும் என்று பத்திரிகைகள் முன்கூட்டியே எழுதின. பேரணி பெரும்பாலும் அமைதியாகவே நடந்தது. ஆனாலும் குரோவனர் சதுக்கத்தில் ஒரு சிறு குழு காவலர்களோடு மோதியதுதான் முதன்மைச் செய்தி. வாய்பாடு முதலில், சீர் பிறகு! (யாப்பறிந்தவர்கள் மன்னிக்க.)

அரசியல் தொடர்பியல் ஆய்வாளர் சாந்தோ ஐயங்கார் பிரித்துக் காட்டிய ஃப்ரேமிங்கின் இருவகைகள் பாக்கி. தனி நிகழ்வை மட்டும் காட்டுவது 'நிகழ்வுச் சட்டகம்', இதில் சிக்கலில்லை. காரணத்தையும் சூழலையும் விரிப்பதைக் 'கருப்பொருள் சட்டகம்' என்றால் முதல், கரு, உரி என்று தொல்காப்பியம் குறுக்கே வருகிறது. 'பின்புலச் சட்டகம்' என்று தற்காலிகமாக எழுதிவருகிறேன், எனக்கே திருப்தியில்லை. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.