முர்ச்சிசன் விண்கல்: கல்லே போடாத சோதனையிலும் எல்-செரீன் வருகிறது, உதவுங்கள்

வணக்கம். 1969-இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த முர்ச்சிசன் விண்கல்லின் உட்பகுதித் துண்டில் அமினோ அமிலங்களைப் பிரித்துப் பார்க்கிறோம். உயிரின் தடயமா, உயிரற்ற வேதிவினையா என்று பிரித்தறிய அவற்றின் எல், டி வடிவங்களின் (ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்றவை; உயிர்கள் பெரும்பாலும் எல் வடிவத்தையே பயன்படுத்தும்) விகிதத்தைத்தான் பெரிதும் நம்புகிறோம். துளி மாசு புகுந்தாலும் முடிவு தலைகீழாகிவிடும்.

அரை கிராம் தூளை 1 மில்லி சுத்த நீருடன் கண்ணாடிக் குப்பியில் உருக்கி மூடி, 100 டிகிரியில் 24 மணி நேரம் வைக்கிறோம். சாற்றை உலர்த்தி, 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியில் 150 டிகிரியில் 3 மணி நேரம். பிறகு நேரயனிப் பரிமாற்றப் பிசினில் (நேர்மின் அயனிகளைப் பிடித்துவைக்கும் மணிகள்) உப்பு நீக்கம். கடைசியில் ஓபிஏ-என்ஏசி (எல், டி வடிவங்களைப் பிரித்துக் காண உதவும் வினைப்பொருள்) சேர்த்து 15 நிமிடம் விட்டு எல்சி-எம்எஸ் (திரவ நிறப்பகுப்பு-நிறை நிறமாலைக் கருவி). (ஐசோவாலின் என்ற அமினோ அமிலம் மெதுவாக வினைபுரியும், 1 நிமிடம் போதாது.)

சிக்கல் இதுதான்: கல் போடாத வெற்றுச் சோதனையிலும் கிளைசீன், எல்-செரீன் என்ற அமினோ அமிலங்களின் உச்சிகள் வரைபடத்தில் வருகின்றன, டி-செரீன் இல்லை. மனிதத் தோலின் மாசு இப்படித்தான் தெரியும். கண்ணாடி அனைத்தும் 500 டிகிரியில் இரவு முழுக்கச் சுட்டவை. பிசினைத் தவிர்த்து ஓட்டினால் உச்சி பாதியாகிறது, மறைவதில்லை. மீதி உச்சி அமிலத்திலிருந்து வருகிறதா, பிப்பெட் முனையிலிருந்தா?

பிசினை எதனால், எந்த வரிசையில், எத்தனை முறை கழுவுகிறீர்கள்? அமிலத்தை இருமுறை வடித்தால் போதுமா? வெற்றுச் சோதனைக்குச் சுட்ட செர்பென்டைன் (ஒரு கனிமம்) தூளைப் பயன்படுத்தியவர்கள், வேலினும் ஐசோவாலினும் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் பிரித்த வரைபடம் இருந்தால், கரைப்பான் விகிதத்தோடு பகிருங்கள்.