முதல் தடவை கவுன்சிலிங் போகிறேன், உள்ளே என்ன நடக்கும்?

கம்பம்மெட்டு ஜீப்:
வயது 34, ஊர் கம்பம். வண்டன்மேடு பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். விடிகாலை ஜீப்பில் மேடேறினால் இருட்டித்தான் இறங்குவேன். அப்பா போய் எட்டு மாதம். ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் கிடையாது. போன மாதம் ஸ்டோரில் எடை எழுதும்போது கை நடுங்கி, ஒரே மூட்டையை மூன்று தடவை எழுதிவிட்டேன். "தண்ணியைக் குறை" என்றார் சூப்பர்வைசர். நான் தொட்டதே இல்லை.

வீட்டில் சொன்னதற்குக் குச்சனூரில் எள் விளக்குப் போடச் சொன்னார்கள். போட்டாயிற்று. இப்போது குமுளியில் ஒரு சைக்காலஜிஸ்டிடம் வியாழக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன். அவர் மலையாளி. எனக்கு மலையாளத்தில் விலை பேச வரும், சண்டை போடக்கூட வரும். அப்பாவைப் பற்றிப் பேச வருமா? படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்வார்களா? மாத்திரை உண்டா? தோட்டத்துக்குச் சேதி போகுமா?

புளியரை அக்கா:
தம்பி, படுக்க வைப்பதெல்லாம் சினிமாவில். நாற்காலிதான். நான் புனலூருக்கு ஏழு மாதம் போனேன். முதல் நாள் முக்கால் மணி நேரமும் கேள்விதான்: தூக்கம், பசி, குடி, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா, சாகத் தோன்றியதா. கடைசிக் கேள்விக்கு மிரள வேண்டாம், எல்லாரிடமும் கேட்பதுதான். உள்ளதைச் சொல்லுங்கள்.

பாஷைக்குக் கவலைப்படாதீர்கள். எடுத்த எடுப்பில் அந்த அம்மா "விஷமம் உண்டோ?" என்றார். நான் என்ன விஷமம் செய்தேன் என்று எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது! அவர்களுக்கு அது மனவருத்தம். அப்புறம் நான் தமிழிலேயே பேசினேன், அவர் மலையாளத்தில். புரியாததைத் திரும்பக் கேட்டோம், அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் லேசாகிவிடும் என்று நினைத்திருந்தேன். தலைதான் கனத்தது. ஆரியங்காவு வரை பஸ்ஸில் தூங்கினேன். அன்றைக்கு வேலைக்குப் போகாதீர்கள். நாலைந்து தடவைக்கு அப்புறம்தான் எனக்கு ஏதோ அசைந்தது.

வாளையார் நர்ஸ்:
சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத மாட்டார். தேவைப்பட்டால் சைக்கியாட்ரிஸ்டிடம், அதாவது மனநல டாக்டரிடம், அனுப்புவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு எண் இருக்கும். கேட்கலாம், தப்பில்லை. கட்டணத்தையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். 2017 மனநலச் சட்டப்படி உங்கள் விஷயத்தை ரகசியமாக வைக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து, கோர்ட் உத்தரவு மாதிரி சில நேரங்கள்தான் விலக்கு. முதலாளி அந்தக் கணக்கில் வரமாட்டார்.

கை நடுக்கமும் தூக்கமின்மையும் சேர்ந்திருப்பதால் தைராய்டு ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வியாழன் வரை ராத்திரி தாங்கவில்லை என்றால் 14416, டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். காசில்லை, எந்நேரமும் பேசலாம், தமிழிலும்.

கம்பம்மெட்டு ஜீப்:
போய் வந்தேன். "விஷமம் உண்டோ" என்றே ஆரம்பித்தார், அக்கா. சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தேன் என்று சொல்லவே பத்து நிமிடம் போனது. அப்பா ஏலத்துக்கு மருந்தடித்த கதை, ஆஸ்பத்திரியில் கடைசி நாள் நான் டீ குடிக்க இறங்கிய நேரம், எல்லாம் தமிழில்தான் வந்தது. அவர் குறுக்கே பேசவில்லை. தைராய்டுக்கு ரத்தம் கொடுத்திருக்கிறேன். முழிப்பு வரும் நேரத்தையும் அப்போது மனதில் ஓடியதையும் எழுதிவரச் சொல்லியிருக்கிறார். எடைச் சிட்டையின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். நேற்று 2.10, அந்த டீ.