வீட்டுக்குள் இரண்டு பெட்டை நாய்கள்: அடித்துத் தீர்த்துக்கொள்ள விடலாமா, பிரித்து வைக்க வேண்டுமா?

தேவனாம்பட்டினம் அக்கா:

வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு பெட்டை நாய்கள். மூத்தவள் ராணி, நாட்டு நாய், ஏழு வயது. இளையவள் சிட்டு, ராஜபாளையம் கலப்பு, இரண்டு வயது முடியப்போகிறது. சிட்டு குட்டியாக வந்த நாளிலிருந்து இருவருக்கும் ஒரே சாக்குதான் படுக்கை. இப்போது சில மாதங்களாக அடித்துக்கொள்கிறார்கள்.

ஆரம்பம் எப்போதும் கேட்டில்தான். மீன்காரம்மா குரல் கேட்டாலோ, தெருநாய் எட்டிப் பார்த்தாலோ இரண்டும் குரைத்துக்கொண்டு ஓடும். கேட்டில் முட்டிக்கொண்டு நிற்கும்போதே சிட்டு சட்டென்று திரும்பி ராணியின் கழுத்தைக் கவ்விவிடுவாள். போன வாரம் ராணிக்குக் காது கிழிந்து தையல் போட்டோம். பிரிக்கப் போன என் கணவர் கையிலும் பல் இறங்கிவிட்டது. இப்போது கேட் பக்கம் போகாமலே கூடத்தில் முறைத்துக்கொள்கிறார்கள்.

பக்கத்து வீட்டு அண்ணன், "ஒரு தடவை நல்லா அடிச்சிக்கட்டும், யார் பெரியவள்னு தெரிஞ்சா அடங்கிடும்" என்கிறார். மாமியார் ஒன்றை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறார். எனக்கு இரண்டிலும் மனசு வரவில்லை.

நெல்லிக்குப்பம் தோப்பு:

தங்கச்சி, என் தோப்பில் ஆறு நாய் இருக்கிறது. சண்டை வராத நாள் இல்லை, தையல் போட்ட நாளும் இல்லை. காரணம், எது முதல் என்று அதுகளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். சோறு வைத்தால் கிழட்டு நாய்க்கு முதலில். வண்டியில் ஏறினாலும் அதுதான் முதலில். உங்கள் வீட்டில் இரண்டையும் சமமாக நடத்துகிறீர்கள், அதனால்தான் சின்னதற்குக் கொழுப்பு ஏறிவிட்டது. ராணிக்கு எல்லாவற்றிலும் முதலிடம் கொடுங்கள். சிட்டு உறுமினால் அதட்டி உட்கார வையுங்கள். கருத்தடையும் செய்துவிடுங்கள், பாதிச் சூடு தணியும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிற மாதிரி அடிச்சிக்க விடச் சொல்லமாட்டேன், ஆனால் முழுசாகப் பிரித்து வைத்தால் காலத்துக்கும் பகைதான்.

லாஸ்பேட்டை:

அக்கா, முதலில் உங்கள் கணவரின் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடித்தது ஊசி போட்ட வீட்டு நாயாகவே இருந்தாலும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இன்னும் காட்டவில்லை என்றால் இன்றைக்கே போகச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் ரேபிஸ் ஊசி இலவசம்தான். இரண்டு நாய்களுக்கும் இந்த வருஷ ஊசி போட்டாயிற்றா என்றும் பாருங்கள்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். நீங்கள் சொன்னதில் முக்கியமானது கேட். வெளியே இருப்பதைப் பிடிக்க முடியாமல் உடம்பெல்லாம் முறுக்கேறி நிற்கிறது சிட்டு. அந்த நேரத்தில் உரசிக்கொண்டு நிற்பது ராணி. கோபம் அங்கே இறங்கிவிடுகிறது. இதில் முதலிடப் போட்டி எதுவும் இல்லை. ஆனால் திரும்பத் திரும்ப நடந்தால் ராணியைப் பார்த்தாலே சண்டைதான் ஞாபகம் வரும். கூடத்து முறைப்பு அதனால்தான்.

ஒரே சாக்கில் படுத்தவர்கள் என்று நீங்கள் வருத்தப்படுவது புரிகிறது. ஆனால் நாய் குணத்தில் முழுசாக வளர்ந்து நிற்பது ஒரு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில்தான். அதுவரை விட்டுக்கொடுத்தது இப்போது கொடுக்காது. ஒரே வீட்டு நாய்ச் சண்டைகளில் ஒரே பால் ஜோடிகள்தான் அதிகம், அதிலும் இரண்டும் பெட்டையாக இருக்கிற ஜோடிகள். பெரும்பாலும் முதலில் பாய்வது இளையதாகவோ பிறகு வந்ததாகவோ இருக்கும். உங்கள் வீட்டில் நடப்பது அப்படியே இதுதான்.

தோப்பு அண்ணன் சொன்னதில் ஒன்றை மட்டும் கையோடு மறுத்துவிடுகிறேன்: உறுமலை அதட்டாதீர்கள். உறுமுவது எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் அடுத்த தடவை எச்சரிக்கையே இல்லாமல் நேராகக் கடிதான்.

நெல்லிக்குப்பம் தோப்பு:

தம்பி, கூட்டத்துக்குத் தலைமை இல்லாமல் ஓநாய் முதற்கொண்டு எதுவும் கிடையாது. இது நான் கண்ணால் பார்ப்பது. கிழடு வந்தால் மற்றதெல்லாம் நிழலை விட்டு எழுந்து போகிறது. அதை இல்லை என்று சொல்கிறீர்களா?

லாஸ்பேட்டை:

எழுந்து போவதை இல்லை என்று சொல்லவில்லை அண்ணே. ஆனால் அந்த ஓநாய்க் கதை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1947-இல் ருடோல்ஃப் ஷெங்கல் என்பவர் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியது அது. ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் போட்டால் அடித்துக்கொள்ளத்தானே செய்யும். டேவிட் மெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-இல் அதைத் தன் நூலில் எடுத்து எழுதியதால் உலகமெல்லாம் பரவியது. பிறகு காட்டிலேயே ஓநாய்களோடு பல கோடைக்காலம் கழித்துவிட்டு, 1999-இல் அவரே மாற்றி எழுதினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது ஒரு குடும்பம், அப்பா அம்மாவும் அவற்றின் பிள்ளைகளும். சண்டை போட்டுப் பிடித்த பதவி அங்கே இல்லை.

உங்கள் தோப்பில் அமைதி இருப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. கிழடு வந்தால் மற்றவை எழுந்து போக அங்கே இடம் இருக்கிறது. அடுத்த மரத்தடி, வரப்பு, மோட்டார் ரூம் என்று எங்கேயாவது போய்ப் படுத்துக்கொள்ளும். அக்கா வீட்டுக் கூடத்தில் தோற்ற நாய் எங்கே போகும்? ஒரு பக்கம் சோபா, ஒரு பக்கம் சுவர். விலக வழியில்லாத நாய் திருப்பித்தான் கடிக்கும். தோப்பில் நடப்பதைக் கூடத்துக்குக் கொண்டுவர முடியாது என்பதுதான் என் வாதம்.

ராணிக்கு முதலில் சோறு வைப்பதிலும் ஆபத்து இருக்கிறது. பயந்து ஒதுங்குகிற ராணியைச் சிட்டுவின் கண் முன்னால் முன்னே தள்ளினால் அடி வாங்கப்போவது ராணிதான். இரண்டுக்கும் வெவ்வேறு அறையில், கதவைச் சாத்தி வையுங்கள். கருத்தடை செய்யுங்கள், நல்லதுதான். பருவத்துக்கு வரும் நாட்களில் பெட்டைகளுக்குள் சண்டை கூடும், அது குறையும். ஆனால் பெட்டைகளுக்குள் ஏற்கெனவே முற்றிய பகையைக் கருத்தடை மட்டும் தீர்க்கும் என்று நம்பி உட்கார வேண்டாம்.

பாகூர்:

தம்பி சொன்னது எல்லாம் சரி. ஆனால் நடைமுறைக்கு வாருங்கள். கைவிட்ட நாய்களுக்கு வீடு தேடிக் கொடுக்கிற வேலையில் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன். ஒரு நாய் அறையில், ஒரு நாய் கூடத்தில், மணி பார்த்து மாற்றி மாற்றி விடுவது என்று பல வீடுகளில் ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பத்தில் எல்லாரும் கவனமாக இருப்பார்கள். அப்புறம் ஒரு நாள் ஊரிலிருந்து வந்த பிள்ளை கதவைத் திறந்துவிடும். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் அப்படித்தான் மூத்த நாய் போய்ச் சேர்ந்தது.

ராணியின் பக்கம் இருந்து ஒருத்தரும் பேசவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். ஏழு வயதுக்கு மேல் அது தன் வீட்டிலேயே பயந்து பயந்து தண்ணீர் குடிக்கப் போக வேண்டுமா? சிட்டுவுக்கு வயது குறைவு, ஒற்றை நாயாக வேறொரு வீட்டில் சந்தோஷமாக இருக்கும். சண்டை வரலாற்றை மறைக்காமல் சொல்லி, வேறு நாய் இல்லாத வீடாகப் பார்த்துக் கொடுப்பது கைவிடுவது ஆகாது. காயம் ஒவ்வொரு தடவையும் பெரிதாகிறது என்றால் இப்போதே கொடுப்பதுதான் இரண்டுக்கும் நல்லது.

முதலியார்பேட்டை:

கொஞ்சம் பொறுங்கள். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்து, மாடி அறையில் நாங்களும் நான்கு நாய்களும் அடைந்து கிடந்தோம். கரண்ட் இல்லை, ஒன்றுக்குப் போக இடமில்லை. அதுவரை உறுமிக்கூடப் பார்க்காத இரண்டு நாய்கள் ரத்தம் வர அடித்துக்கொண்டன. வெயில் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. இன்றுவரை சேர்ந்துதான் இருக்கின்றன. பதற்றத்தில் நடந்ததை வைத்து நாயைக் கொடுத்துவிடாதீர்கள்.

லாஸ்பேட்டை:

முதலியார்பேட்டை, உங்களுடையது ஒரு ராத்திரி நெருக்கடி. இது மாதக்கணக்கில் கூடிக்கொண்டே போவது. இரண்டும் ஒன்றில்லை.

பாகூர் அக்கா, கடைசியில் நீங்கள் சொன்ன இடத்துக்கே வர வேண்டியிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியது இன்னும் தொடங்கவே இல்லை. முதல் வேலை மருத்துவர். காதுப் புண், பல் வலி, இடுப்பு மூட்டு வலி, உண்ணிக் காய்ச்சல், எது இருந்தாலும் நாய் சிடுசிடுக்கும். கிட்டே வந்து உரசினால் வலிக்கிறது என்று ராணிதான் முதலில் பல்லைக் காட்டுகிறதோ என்னவோ. பாண்டிச்சேரி வர முடியுமானால் குரும்பாப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, இரண்டையும் வேறு வேறு நாளில் கூட்டிப்போய்க் காட்டுங்கள். பதற்றத்தைக் குறைக்கிற மருந்துகளும் உண்டு. தேவையா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக எதுவும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, கேட் பக்கம் இரண்டும் சேர்ந்து ஓட வாய்ப்பே இருக்கக்கூடாது. மூன்றாவது, இருவரும் வீட்டுக்குள் சந்திக்காமல் வெளியே சந்திக்கட்டும். ஆளுக்கொரு நாயாகப் பிடித்துக்கொண்டு சாலையின் இரண்டு ஓரமாக, ஒரே திசையில் நடங்கள். அதிகாலையில் கடற்கரைப் பக்கம் கூட்டம் இருக்காது. ஒன்று இன்னொன்றைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாக முகத்தைத் திருப்பினால் உடனே ஒரு ஈரல் துண்டு. விறைத்து நின்றால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், தூரத்தைக் கூட்டுங்கள். வாரக்கணக்கில் ஆகும்.

தேவனாம்பட்டினம் அக்கா:

எல்லாருக்கும் நன்றி. அவர் ஊசி போட ஆரம்பித்துவிட்டார். நாய்களுக்கு ஊசி சரியாக இருக்கிறது. சிட்டுவுக்குக் கருத்தடை இன்னும் செய்யவில்லை. நீங்கள் சொன்ன பிறகு யோசித்தால், சண்டை பெரிதானது அவள் பருவத்துக்கு வந்த சமயத்தில்தான். மறுபடி சண்டை வந்தால் எப்படிப் பிரிப்பது? கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுக்கத்தான் எங்களுக்குத் தெரியும்.

லாஸ்பேட்டை:

கழுத்துக்குக் கை போகவே கூடாது. உங்கள் கணவர் கையில் பல் இறங்கியது அதனால்தான். வெறியில் இருக்கிற நாய் யார் கை என்று பார்க்காது. கத்துவதும் அடிப்பதும் சண்டையைக் கூட்டும். ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றுங்கள், சில சமயம் அதுவே போதும். இல்லையென்றால் கட்டில் பலகை, பிளாஸ்டிக் நாற்காலி, எது கிடைக்கிறதோ அதை நடுவில் செருகுங்கள். இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைத் தொடைப் பக்கமாகப் பிடித்துத் தூக்கி, தள்ளுவண்டியை இழுப்பது போலப் பின்னால் போக வேண்டும். ஆனால் ஒன்று கவ்விக்கொண்டிருக்கும்போது இழுத்தால் சதை கிழியும். பிடி தளர்கிற நொடியில் இழுங்கள். உடனே வேறு வேறு அறை. அன்றைக்கு மறுபடி முகம் பார்க்க விட வேண்டாம்.

அப்புறம் ரோமத்தை ஒதுக்கி உடம்பு முழுக்கத் தடவிப் பாருங்கள். கோரைப்பல் துளை வெளியே சின்னதாகத்தான் தெரியும், உள்ளே தோல் சதையை விட்டுப் பிரிந்து சீழ் கட்டும். இரண்டு நாள் கழித்து வீங்கியபின் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட அன்றைக்கே காட்டிவிடுங்கள்.

பாகூர்:

இவ்வளவும் செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எதுவரை என்று இன்றைக்கே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு இல்லாவிட்டால் அடுத்த தையல், அதற்கடுத்த தையல் என்றே போகும். தீபாவளி வெடிச் சத்தமும் அடைமழையும் சேர்ந்து வருகிற மாதங்கள் இவை, நாள் முழுக்க உள்ளேயே அடைந்து கிடக்கும்.

நெல்லிக்குப்பம் தோப்பு:

கொடுப்பதாக இருந்தால் சிட்டுவை என் தோப்புக்கு அனுப்புங்கள் தங்கச்சி. ராஜபாளையத்துக்கு ஓட இடம் வேண்டும், உங்கள் வீட்டில் அது கிடையாது.

பாகூர்:

ஐயா, உங்கள் மனசு பெரிசு. ஆனால் ஏற்கெனவே ஆறு நாய் இருக்கிற இடத்துக்கு, பெட்டையோடு சண்டை பழகின பெட்டையை அனுப்புவதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். எத்தனை ஏக்கர் இருந்தாலும் சோறு வைக்கிற இடம் ஒன்றுதானே.

தேவனாம்பட்டினம் அக்கா:

வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டோம். கூடத்துக்கும் அறைக்கும் நடுவில் இடுப்புயரக் கிரில் கதவு போடப்போகிறோம். இந்த வாரமே குரும்பாப்பேட்டை போகிறோம், முதலில் ராணி. சிட்டுவுக்குக் கருத்தடை எப்போது செய்யலாம் என்று அங்கேயே கேட்டுக்கொள்கிறேன். தையல் போடும் அளவுக்கு இன்னொரு சண்டை வந்தால் பாகூர் அக்கா, உங்களைத்தான் கேட்பேன். வராவிட்டால் பொங்கல் வரை பார்ப்போம். தோப்பு ஐயா, தப்பாக நினைக்காதீர்கள், தோப்புக்கு அனுப்பமாட்டேன். கேட்டை என்ன செய்வது என்று மட்டும் சொல்லுங்கள், கம்பிக் கேட், வெளியே எல்லாம் தெரிகிறது.

நெல்லிக்குப்பம் தோப்பு:

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது, உங்கள் பிள்ளை. கேட்டுக்கு உள்பக்கம் தகரம் அடித்துவிடுங்கள், ஓர் ஆள் உயரத்துக்கு. பச்சை வலை கட்டாதீர்கள், ஒரே நாளில் கிழித்துவிடும். அடியில் தரையோடு ஒட்ட இருக்கட்டும். மூக்கு நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டால் தெருநாய் வெளியே மோந்து பார்க்கும், இது உள்ளே கொதிக்கும். தகரத்தின் ஓரத்தை மடித்து அடிக்கச் சொல்லுங்கள், கால் கிழிந்துவிடும். ஆனாலும் சொல்கிறேன், வீட்டுக்குள் ராணிக்கு முதல் மரியாதையை விட்டுவிடாதீர்கள்.

லாஸ்பேட்டை:

தகரம் நல்ல யோசனை அண்ணே. முதல் மரியாதையில் மட்டும் நான் உங்களோடு இல்லை.