கலைச்சொல்: மெயில் சர்வரில் ‘கட்ஓவர்’ = மடைமாற்று?

அனைவருக்கும் வணக்கம்.

பழைய மெயில் சர்வரைக் கழித்துப் புதுப் பெட்டிக்கு மாறுவதற்கான செய்முறைக் குறிப்பைத் தமிழில் எழுதுகிறோம். பெட்டி இருப்பது பெங்களூரு ஒயிட்ஃபீல்டில். இரவு ஷிஃப்டில் அதைக் கவனிப்பவர்கள் ஓசூர்க்காரர்கள். வரைவில் ‘இடப்பெயர்வு’ என்ற ஒரே சொல் மூன்று வேலைகளுக்கு வந்து நிற்கிறது: எல்லா அஞ்சலையும் முதல்முறை படியெடுப்பது, இடையில் வந்துசேர்ந்ததை மட்டும் படியெடுப்பது, கடைசியில் பழையதை மூடிப் புதியதைத் திறப்பது (‘கட்ஓவர்’).

‘இடப்பெயர்வு தொடங்கியதும் போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தவும்’ (போஸ்ட்ஃபிக்ஸ் அஞ்சலை வாங்கி அனுப்பும் நிரல்) என்று எழுதினால் படிப்பவர் முதல் படியெடுப்பிலேயே நிறுத்திவிடுவார். 800 ஜிபி அஞ்சல், ஒரு கிகாபிட் கேபிளில் கணக்குப்படி இரண்டு மணி நேரத்துக்குள் போகவேண்டும். ஆனால் ஒவ்வோர் அஞ்சலையும் தனிக் கோப்பாக வைக்கும் மெயில்டிர் முழுக்கச் சின்னச் சின்னக் கோப்புகள். நேரம் பல மடங்கு இழுக்கும். அவ்வளவு நேரமும் அஞ்சல் நின்றுபோகும்.

முதல் இரண்டுக்கு முதற்படி, மிச்சப்படி. மூன்றாவதுக்கு ‘மடைமாற்று’ என்று வைக்கலாமா?

(எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து)

---

> மூன்றாவதுக்கு ‘மடைமாற்று’ என்று வைக்கலாமா?

வணக்கம் ஐயா. முதற்படி, மிச்சப்படி இரண்டும் நன்று. மடைமாற்றில் எனக்கு இரண்டு தயக்கம். நாளிதழ்களில் ‘நிதி மடைமாற்றம்’ என்றால் பணத்தை வேறு காரியத்துக்குத் திருப்பிவிட்டார்கள் என்று பொருள். அடுத்தது, மெயில் வேலையில் இருப்பவருக்கு அது ஃபார்வர்டிங் போலவும் தொனிக்கும். ‘கைமாற்று’ என்று யோசித்தேன். அது வட்டியில்லாமல் வாங்கும் சில்லறைக் கடன் ஆகிவிடுகிறது. ‘பொறுப்புமாற்று’ எப்படி?

(அல்சூரிலிருந்து)

---

> ‘பொறுப்புமாற்று’ எப்படி?

பொறுப்புமாற்றில் வரிசை தெரியவில்லை. இந்த வேலையில் வரிசைதான் உயிர். வயலில் ஒரு மடையை அடைத்தபிறகுதான் அடுத்ததைத் திறப்பார்கள், இங்கேயும் அப்படித்தான். ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மெயில்டிரில் புதிதாக வந்த அஞ்சல் ‘நியூ’ அடைவில் (ஃபோல்டரில்) இருக்கும். படித்ததும் அதே கோப்பு ‘கர்’ அடைவுக்குப் போய், பெயரின் வாலில் படித்ததற்கு அடையாளமான ‘எஸ்’ கொடி ஒட்டிக்கொள்ளும். முதற்படிக்கும் மிச்சப்படிக்கும் நடுவே ஒருவர் இருநூறு அஞ்சல் படித்திருந்தால், புதுப் பெட்டியில் பழைய பெயரில் இருநூறு, புதுப் பெயரில் இருநூறு என்று கிடக்கும்; படித்ததெல்லாம் படிக்காததாக மறுபடி தலைகாட்டும். அதனால் மிச்சப்படியில், படியெடுக்கும் நிரலான ஆர்சிங்க்குக்கு, பழைய பெட்டியில் இல்லாத கோப்பைப் புதியதிலும் அழிக்கும் ‘டெலீட்’ கொடுத்தே ஆகவேண்டும். ஆனால் அதற்குள் புதுப் பெட்டி திறந்து அஞ்சல் வாங்க ஆரம்பித்திருந்தால், மூலத்தில் இல்லாத கோப்பு என்று அந்தப் புது அஞ்சல்களையும் ‘டெலீட்’ அழித்துவிடும். முதலில் அடை, பிறகு மிச்சப்படி, அதன்பிறகே திற. சொல்லே இதை நினைவூட்டினால் இரவு இரண்டு மணிக்கு வேலை பார்ப்பவருக்கு உதவி.

அடைத்த நேரத்தில் அஞ்சல் தொலையாது. அனுப்பும் சர்வர்கள் வரிசையில் வைத்துத் திரும்ப முயலும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு அமைப்பில் 5 நாள் வரை. ஆபத்து திறக்கும்போதுதான். பயனர் பட்டியல் ஒழுங்காக ஏறாத பெட்டியைத் திறந்தால் 550 என்று பதில் போகும். அது நிரந்தர மறுப்பு, அஞ்சல் உடனே அனுப்பியவரிடம் திரும்பும். முதல் ஒரு மணி நேரம் ‘சாஃப்ட் பவுன்ஸ்’ அமைப்பைப் போட்டுவைத்தால் 5-இல் தொடங்கும் மறுப்பெல்லாம் 4-இல் தொடங்கும் தற்காலிக மறுப்பாகும். லாக் (பதிவுக் கோப்பு) சுத்தமாக இருந்தால் எடுத்துவிடலாம்.

ஐபி மாறாமல் பெட்டி மட்டும் மாறினால் டிஎன்எஸ்ஸைத் (பெயருக்கு ஐபி சொல்லும் பட்டியலை) தொடவேண்டாம். ஆனால் மேக் முகவரி (நெட்வொர்க் அட்டையின் எண்) மாறுகிறது. ரூட்டரின் ஏஆர்பி அட்டவணை (எந்த ஐபிக்கு எந்த மேக் என்ற பட்டியல்) பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். சிஸ்கோ ரூட்டர்களின் ஐஓஎஸ்ஸில் இயல்பாக 4 மணி நேரம். புதுப் பெட்டியிலிருந்து ஏஆர்பிங் கட்டளையைக் கொண்டு புது மேக்கை அறிவிக்கவேண்டும். ஐபியும் மாறுவதாக இருந்தால், டிடிஎல்லை (டிஎன்எஸ் பதிலை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) முன்கூட்டியே 300 நொடியாக இறக்கவேண்டும். பழைய டிடிஎல் 86400 நொடி என்றால் ஒரு நாளாவது முன்னால். டிஎன்எஸ்ஸில் பிடிஆர் (ஐபிக்குப் பெயர் சொல்வது), எஸ்பிஎஃப் (எந்த ஐபி நம் பெயரில் அஞ்சல் அனுப்பலாம் என்பது) இரண்டையும் திருத்தவேண்டும்.

‘நிதி’ என்ற சொல் பக்கத்தில் இல்லாதபோது மடைமாற்று யாரையும் குழப்பாது என்பது என் எண்ணம். ஃபார்வர்டிங்குக்குத் ‘திருப்பியனுப்பல்’ இருக்கிறது.

(ஒயிட்ஃபீல்டிலிருந்து)

---

> முதலில் அடை, பிறகு மிச்சப்படி, அதன்பிறகே திற.

இந்த விளக்கத்துக்குப் பிறகு எனக்கு மறுப்பில்லை. வினையாக ‘மடைமாற்றுதல்’, அதற்கு ஒதுக்கும் நேரத்துக்கு ‘மடைமாற்று வேளை’ என்று வைத்துக்கொள்வோம்.

குறிப்பில் இன்னும் இரண்டு வரி சேர்க்கவேண்டும். பயனருக்கு அஞ்சலைக் காட்டும் நிரலான டவ்காட்டின் யுஐடி பட்டியல் கோப்பு (அஞ்சல்களின் எண் வரிசை) ஒவ்வோர் அடைவோடும் வந்ததா என்று பாருங்கள். அது விடுபட்டால் யுஐடி-வேலிடிட்டி (அந்த எண்கள் இன்னும் செல்லுமா என்று காட்டும் குறி) மாறி, அவுட்லுக்கும் தண்டர்பேர்டும் எல்லா அஞ்சலையும் முதலிலிருந்து இறக்கும். காலை ஒன்பது மணிக்கு லைன் திணறும். அதோடு அஞ்சல் கோப்புகளுக்கு உரிமையாளரான விமெயில் பயனரின் எண் இரு பெட்டியிலும் ஒன்றாக இருக்கவேண்டும். பழையதில் 5000 என்றால் புதியதிலும் 5000.

ரோல்பேக்குக்கு ‘மடைதிருப்பு’ பொருந்துமா? புதுப் பெட்டி அஞ்சல் வாங்கிய பிறகு பழையதுக்குத் திரும்புவதென்றால், புதியதை அடைத்துவிட்டு, மிச்சப்படியை எதிர்த்திசையில் ஓட்டிய பிறகே பழையதைத் திறக்கமுடியும். அதையும் அந்தச் சொல்லின் விளக்கத்தில் எழுதிவிடுங்கள்.

(அல்சூரிலிருந்து)