பர்மாத் தேக்குத் தூண்: மாற்றுவதா, ஒட்டுப் போடுவதா?

பள்ளத்தூர்ப் பேத்தி:
பள்ளத்தூரில் எங்கள் ஐயா வீடு. வளவை, அதாவது நடு முற்றத்தை, பார்த்து நிற்கும் தூண்களில் ஒன்று சாரல் பட்டுப் பட்டு அடியில் ஒரு சாண் உளுத்துவிட்டது. சாவியால் குத்தினால் பொடிப்பொடியாக உதிர்கிறது. முழுத் தூணையும் மாற்றிவிடலாம், புது பர்மாத் தேக்கே வாங்கித் தருகிறேன் என்கிறார் வேலை எடுத்தவர். ஆனால் தேக்கு அழிந்துவரும் மரம் என்று மகள் எங்கோ படித்துவிட்டு வந்து ஒரே சண்டை. தேவகோட்டை போகிற வழியில் தோப்புத் தோப்பாகத் தேக்கு நிற்கிறதே, அது எப்படி?

காட்டுப்பூவரசு:
மகள் சொல்வது சரிதான் ஆச்சி. உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என். வெளியிடும் சிவப்புப் பட்டியலில் தேக்கு இப்போது அழியும் ஆபத்தில் உள்ள இனம். 2022-இல் வந்த மதிப்பீடு அது. நீங்கள் பார்க்கிற தோப்புத் தேக்கு அந்தக் கணக்கில் வராது. காட்டில் தானாக முளைத்து நிற்பதுதான் கணக்கு. அந்தக் காடு இருப்பதே இந்தியா, மியான்மர், தாய்லாந்து, லாவோஸ் நான்கில்தான். தாய்லாந்து 1989-லேயே இயற்கைக் காட்டில் மரம் வெட்டுவதை நிறுத்தியது. மியான்மர் 2014 ஏப்ரலில் உருட்டுமர ஏற்றுமதிக்குத் தடை போட்டது. கேரளத்து நிலம்பூரில் 1840-களிலிருந்தே தேக்கை நட்டு வளர்க்கிறார்கள், மரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் எத்தனை லட்சம் கன்று நட்டாலும் காட்டு மரங்களுக்குள் இருக்கும் வகைவகையான மரபு அதில் வந்துவிடாது. செம்மரமும் இதே கதைதான். கன்று நர்சரியில் கிடைக்கும், சொந்தக் காடு என்றால் ஆந்திராவில் திருப்பதிப் பக்கம் இருக்கும் சேஷாசலத்தை ஒட்டிய மலைகள் மட்டும்தான்.

உளிச்சத்தம்:
முழுத் தூணை எடுக்க விடாதீர்கள் ஆச்சி. எங்கள் அப்பா காலத்திலிருந்து இந்த வேலைதான். உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, உளுத்ததை மட்டும் அறுத்து, பழைய வீடு பிரித்த தேக்கில் ஒட்டுப் போடலாம். காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் விசாரியுங்கள், துண்டு மரம் கிடைக்கும். வாங்கும்போது வெட்டுமுகத்தைப் பாருங்கள். நெருக்கமாக வரி ஓடினால் நிதானமாக வளர்ந்த மரம். வெளி ஓரத்து வெள்ளையை ஒதுக்கிவிட்டுச் சேகாக, அதாவது உள் வைர மரமாக, எடுங்கள். அப்புறம் அடியில் தண்ணீர் தேங்காமல் தரை வாட்டத்தைச் சரி செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒட்டும் உளுத்துப்போகும்.

பள்ளத்தூர்ப் பேத்தி:
ரொம்ப நன்றி தம்பி. நேற்று நீங்கள் சொன்னபடியே உளுத்ததை அறுத்தாயிற்று. வெட்டுமுகத்தை டார்ச் அடித்துப் பார்த்தோம். என் கட்டைவிரல் அகலத்துக்குள் பதினாறு வரி எண்ணினாள் மகள். இத்தனை வருஷம் அந்தத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன், ஒரு நாளும் எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. மற்ற பதினொரு தூணுக்கும் சாரல் படாமல் மூங்கில் தட்டி கட்டச் சொல்லிவிட்டேன்.