ரோபோத் தோலுக்குக் குளோவ் பொக்ஸ் வேணுமா, வேண்டாமா?

நைதரசன்:
நேற்று இங்க கோண்டாவிலான் எழுதினது: "யாழ்ப்பாணத்தில ஒரு அறையும் 50 இலட்சமும் இருந்தால் ரோபோக் கைக்குத் தொடுகையை உணருற பல்பகுதியக் குறைகடத்தித் தோல் செய்யலாம். குளோவ் பொக்ஸ் தேவையில்லை. வெளிநாட்டில இருக்கிற உறவுகள் காசு போடுங்கோ." சனத்திட்டக் காசு கேட்கிற ஆள் குளோவ் பொக்ஸ் தேவையில்லை எண்டு எழுதக்கூடாது. காற்றுப் படாமல் நைதரசனுக்குள்ள, கையுறை வழியாக் கைவிட்டு வேலை செய்யிற மூடின பெட்டி அது. பி3எச்டி எண்ட குறைகடத்திப் பல்பகுதியத்தை மி.லீ.க்கு 10 மி.கி. கணக்கில குளோரோபென்சீனில கரைச்சு வெளிக்காற்றில சுழற்றினால் படலம் வடிவா வரும். ஆனால் ஒக்சிசனும் வெளிச்சமும் சேர்ந்து அதை மாசூட்டிப்போடும், அதாவது மின்னைக் கூடக் கடத்தப் பண்ணிப்போடும். ரான்சிஸ்ரரைத் திறந்து மூடுற வாயிலுக்கு மின்னழுத்தம் குடுக்காமல் விட்டாலும் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். நிப்பாட்டேலாத ரான்சிஸ்ரரை வைச்சு, விரல் பொருளைத் தொட்டதோ இல்லையோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

கோண்டாவிலான்:
நான் சொன்னது பெடொட்-பிஎஸ்எஸ், பெடொட், பிஎஸ்எஸ் எண்ட இரண்டு பல்பகுதியத்தின்ர கலவை. அது தண்ணியில இருக்கிற மை. 100 மி.லீ.க்கு 5 மி.லீ. எதிலீன் கிளைக்கோல், 1 மி.லீ. ஜிஒபிஎஸ் (படலத்தைப் பிணைச்சு இறுக்கிற பொருள்), 0.45 மைக்ரோன் வடி, கண்ணாடியில பூசி 140 பாகையில ஒரு மணித்தியாலம். ஜிஒபிஎஸ்ஸைக் கடைசியாக் கலந்து அண்டைக்கே பாவிக்கவேணும், வைச்சால் இறுகிப்போகும். இதில எந்த இடத்தில குளோவ் பொக்ஸ் வருது?

மாரிமழை:
முதல்ல அது கடத்தியா குறைகடத்தியா எண்டு முடிவெடுங்கோ. மாசூட்டின பெடொட்டைக் கனபேர் கடத்தி எண்டுதான் சொல்லுவினம்.

நைதரசன்:
வரைவிலக்கணத்தை விடுங்கோ. கேள்வி குளோவ் பொக்ஸ். கோண்டாவிலான், பிஎஸ்எஸ் ஈரத்தை உறிஞ்சி ஊதும். ஊதினால் தடை மாறும். மாரி காலத்தில எங்கட ஈரப்பதன் எவ்வளவு எண்டு உங்களுக்குத் தெரியாதோ? ரோபோ பொருளை இறுக்கிப் பிடிச்சதால வந்த மாற்றம் எது, மழை பெய்ததால வந்த மாற்றம் எது எண்டு அந்தப் படலம் சொல்லாது. அதோட உந்த மை கடும் அமிலம், பீஎச் 2க்குக் கிட்ட. செப்பு மின்வாயில பூசினால் அரிக்கும். பொன் அல்லது காபன் போடவேணும். உங்கட 50 இலட்சத்தில பொன் படிய வைக்கிற வெற்றிட அறை எங்க?

கோண்டாவிலான்:
காபன் பசையைத் திரை அச்சில அடிக்கலாம், வெற்றிடம் தேவையில்லை. ஈரத்துக்கு மாற்று இருக்கு. ஒவ்வொரு உணரிக்குப் பக்கத்திலயும் அழுத்தம் படாத இன்னொரு உணரி, இரண்டையும் பாலச் சுற்றில (இரண்டு தடையின்ர வித்தியாசத்தைக் காட்டுற சுற்று) போட்டுக் கழிச்சுவிடுறது. போன மாதம் இங்க மின்கலம் பற்றின விவாதத்திலயும் நீங்கள் இப்பிடித்தான், ஒண்டும் செய்யேலாது எண்டே நிண்டனீங்கள்.

நைதரசன்:
மின்கலத்தை இதுக்குள்ள இழுக்காதேங்கோ. கழிக்கிறதெண்டால் இரண்டு படலமும் ஒரே அளவு ஊதவேணும். மை காயேக்க ஓரம் தடிப்பாகவும் நடு மெல்லிசாகவும் வரும், அப்ப இரண்டும் வேற வேற வேகத்தில ஊதும். பாலம் சமன்பட்டே நிக்காது.

சுன்னாகம் வாசகன்:
ஒருத்தரும் தண்ணியைப் பற்றிக் கதைக்கேல்லை. எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால வாறது. அதில கண்ணாடியைக் கழுவினால் காய்ஞ்சாப்பிறகு வெள்ளைப் புள்ளி நிக்கும், படலம் அதில ஓட்டை விடும். மைக்குள்ள அந்தத் தண்ணி கலந்தால் கல்சியம் அயன் பிஎஸ்எஸ் சங்கிலிகளைப் பிணைச்சுக் கட்டியாக்கும், வடி அடைச்சுப்போகும். அயன் நீக்கின தண்ணிக்கு முதல் காசு ஒதுக்குங்கோ.

கோண்டாவிலான்:
இது பிரயோசனமான கதை. ஆனால் இதுக்கும் குளோவ் பொக்ஸ் தேவையில்லைத்தானே?

நைதரசன்:
கழுவுறதுக்குத் தேவையில்லை, பூசுறதுக்குத் தேவை.

தஞ்சைத் தம்பி:
அண்ணா, அது "குறைக்கடத்தி"ங்க. க் விட்டுப்போச்சு. அப்புறம் பல்பகுதியம்னா பாலிமரா?

மாரிமழை:
ஓம், பொலிமர்தான். எங்கட பாடப்புத்தகத்தில குறைகடத்தி, பல்பகுதியம், ஒக்சிசன் எண்டுதான் இருக்கு. அதைத்தான் எழுதுவம். உங்கட க்கை நீங்களே வைச்சிருங்கோ.

தஞ்சைத் தம்பி:
கேட்டதுக்கு ஏன் இவ்வளவு கோபம்? 2004லயே டோக்கியோ பல்கலைக்கழகத்துல சோமேயா குழு ஆர்கானிக் ட்ரான்சிஸ்டர் வச்சு ரோபோவுக்குத் தோல் பண்ணியாச்சு. நீங்க இன்னும் பெட்டிக்குச் சண்டை போடுறீங்க.

நைதரசன்:
தம்பி, அது பென்ரசீன். சிறு மூலக்கூறு, பல்பகுதியம் இல்லை. வெற்றிடத்தில ஆவியாக்கிப் படியவைச்சது. உங்கட உதாரணமே என்ர பக்கம்தான்.

கோண்டாவிலான்:
பி3எச்டியையே எடுப்பம். வெளிக்காற்றில மஞ்சள் வெளிச்சத்தில பூசி, பிறகு வெற்றிட அடுப்பில 110 பாகையில வைச்சால் ஒக்சிசன் வெளியேறும், மாசூட்டல் பெருமளவு மீளும். உடன பரிலீன் எண்ட பாதுகாப்புப் பிளாஸ்டிக் படலத்தால மூடு. டிபிபி வகைப் பல்பகுதியங்கள் பி3எச்டியை விடக் காற்றைத் தாங்கும். ஒரு வெற்றிட அடுப்பு போதும்.

நைதரசன்:
அடுப்பில இருந்து பரிலீன் அறைக்கு எதுக்குள்ளால கொண்டுபோறியள்? காற்றுக்குள்ளால. திரும்பவும் ஒக்சிசன். பரிலீன் நீராவியைக் குறைக்கும், மறிக்காது. ஒரே வழி குளோவ் பொக்ஸ். ஒக்சிசனும் நீரும் 1 பிபிஎம்முக்கு (பத்து இலட்சத்தில ஒரு பங்கு) கீழ நிக்கவேணும். அதையும் வாங்கி வைச்சால் முடியாது. குளோரோபென்சீன் ஆவி உள்ள சுத்தினால் ஒக்சிசனைப் பிடிக்கிற செப்பு ஊக்கி செத்துப்போகும். அதனால பூசேக்க வாயுச் சுற்றோட்டத்தை நிப்பாட்டி, வேலை முடிய நைதரசனால நல்லா அலசித்தான் திரும்பப் போடவேணும், ஆவியைப் பிடிக்கிற கரிப் பொறியும் இருக்கவேணும். ஊக்கியை மீட்க ஐதரசன் கலந்த நைதரசன் வேணும். கரண்ட் நிண்டால் வாயுவைச் சுத்தவைக்கிற ஊதி நிக்கும், கசிவு வழியாக் காற்று ஏறும். மானியம் இயந்திரத்துக்குத்தான் கிடைக்கும், மூன்று வருசத்தால ஊக்கி மாத்த ஆர் காசு தருவினம்? இதைத்தான் காசு போடுற சனத்துக்குச் சொல்லவேணும் எண்டு மன்றாடுறன்.

சுன்னாகம் வாசகன்:
அப்ப பெட்டி வாங்கினாலும் கரைச்சல், வாங்காட்டிலும் கரைச்சலோ?

நைதரசன்:
2000இல கேம்பிரிட்ஜ் கவென்டிஷ் ஆய்வுகூடத்தில இருந்து பிரிஞ்ச பிளாஸ்டிக் லொஜிக் எண்ட கொம்பனி ஜேர்மனியில டிரெஸ்டனில பல்பகுதிய ரான்சிஸ்ரர்த் தொழிற்சாலையே கட்டினது. 2010 தொடக்கத்தில கியூ எண்ட மின்னூல் வாசிப்பானைக் காட்டி, அதே வருசம் விற்காமலே கைவிட்டது. அவ்வளவு காசு இருந்தவைக்கே அந்தப் பாடு. நீங்கள் பெட்டியும் இல்லாமல்.

கோண்டாவிலான்:
அவை வாசிப்பானுக்குத் திரை செய்தவை, இலட்சக்கணக்கான ரான்சிஸ்ரர். ஒரு விரல் நுனிக்கு 16 உணரி போதும். யாழ் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறை கனகாலமா பி3எச்டியும் தைத்தேனியம் ஈரொட்சைட்டும் வைச்சுச் சூரியகலம் ஆராயுது. ஆக்கள் இருக்கினம், அறிவு இருக்கு. உங்களுக்குத்தான் இந்த ஊரில நம்பிக்கை இல்லை.

நைதரசன்:
ஊரில நம்பிக்கை இருக்கு, உங்கட செலவுக் கணக்கிலதான் இல்லை. ஒரே உணரி, ஒரே 5 நியூற்றன். ஈரப்பதன் 40 வீதத்தில ஒரு வாசிப்பு, 80 வீதத்தில ஒரு வாசிப்பு. குளோவ் பொக்ஸ் இல்லாமல் செய்த படலத்தில எடுத்து இங்க போடுங்கோ.

கோண்டாவிலான்:
பெட்டிக்குள்ள செய்த பெடொட் வெளியில வந்தால் ஈரம் உறிஞ்சாதோ? அந்த இரண்டு வாசிப்பையும் முதல் நீங்கள் போடுங்கோ.

நைதரசன்:
காசு கேட்டது நான் இல்லை.